பாட்டு நிற்கும் வரை

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்காலியைத் தொடக் கூடாது என்பது விதி. தொட்டால் அவுட். அதனால் மங்கையர்க்கரசி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, வாடகைக்கு வந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். முன்னால் பிரேமலதாவின் அகன்ற முதுகு, வெள்ளை ரவிக்கை வியர்த்து ஒட்டிக்கொண்டு, ஆடி ஆடிப் போனது. பின்னால் ஆக்னஸ் டீச்சரின் மூச்சு. ஆகஸ்ட் பதினைந்து வெயில், காலையிலேயே சிமென்ட் தரை சுட்டது. செருப்போடு ஓடினால் வழுக்கும் என்று கொடிக்கம்பத்தடியில் கழற்றிவிட்டிருந்தாள். கொடிக்குள்ளிருந்து விழுந்த ரோஜா இதழ்களும் சாமந்தி இதழ்களும் மிதிபட்டு, வெந்து, உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. வலது முட்டி ஒவ்வொரு அடிக்கும் ஏதோ முனகியது. அவள் காதில் வாங்கவில்லை. குடியிருப்போர் சங்கக் கமிட்டி நேற்று கூடியிருக்கிறது. முடிவு செய்துவிட்டார்கள். கொடியேற்றுவதற்கு முன்னால், சட்டைப் பையில் காகிதக் கொடியைக் குத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்த செக்ரட்டரி ஜெயசீலனை நிறுத்திக் கேட்டாள். "ஜெயசீலா, அந்தக் கீழ் வீடு..." "முடிவாயிருச்சு ஆன்ட்டி. ஃபங்ஷன் முடியறப்போ மைக்லயே சொல்றேன். உங்களுக்கு சந்தோஷமான நியூஸ்தான்." சந்தோஷமான நியூஸ். வாயில் ஒதுக்கிய கற்கண்டைப் போல அந்தச் சொற்களை வைத்துக்கொண்டுதான் இந்த வயதில் இந்த விளையாட்டுக்கு அவள் பெயர் கொடுத்தாள். கீழ் வீடு. ஏ பிளாக்கில், ஒரு படி கூட ஏறாமல் வாசலிலிருந்து நேரே உள்ளே போய்விடக்கூடிய வீடு. தன் மூன்றாம் மாடி வீட்டைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதை மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தாள். கிடைத்தால் இங்கேயே இருப்பாள், இந்த வேப்ப மரத்தடியில், இந்தச் சத்தத்தில். கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர். மகள் கயல்விழி பார்த்து வைத்திருக்கிற, லிஃப்டும் பூங்காவும் டாக்டரும் உள்ள, ஒரு முகம் கூடத் தெரிந்த முகமாக இல்லாத இடம். "அங்க உன் வயசுக்காரங்க நிறையப் பேர் இருப்பாங்கம்மா" என்றாள் கயல், போனில், பரோடாவிலிருந்து. வயதைத் தவிர வேறு எதுவும் பொதுவில் இல்லாதவர்களோடு என்ன பேசுவது என்று மங்கை திருப்பிக் கேட்கவில்லை.

பாட்டு நின்றது. நின்றது தெரிவதற்கு முன்பே அவள் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக்கின் சூடு சேலை வழியாகத் தொடையில் ஏறியது. யாரோ கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். பி பிளாக் சுந்தரவல்லி இடமில்லாமல் நின்று, "ஐயோ, எனக்கு இந்த மாதிரி அதிர்ஷ்டமெல்லாம் சின்ன வயசுலேயே கிடையாது" என்று சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே பந்தலுக்குள் போனாள். முதல் சுற்றில் வெளியே போனது சுந்தரவல்லி. மங்கை அல்ல. அவளுக்கு விசித்திரமாக இருந்தது. முதல் சுற்றிலேயே வெளியே போவது அவளுடைய இடம். வருடா வருடம் அவளுக்கென்று ஒதுக்கி வைத்த இடம். அவள் கணவர் அம்பலவாணன் செக்ரட்டரியாக இருந்த காலம் முழுக்க இதே மைதானத்தில், இதே கொடிக்கம்பத்துக்கும் ஏ பிளாக்குக்கும் நடுவில், பெண்களுக்கான இசை நாற்காலிப் போட்டி நடந்தது. டேப் ரெக்கார்டர் அவர் கையில். ஓடுகிறவர்களைப் பார்த்துவிடக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு, கீழ் வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்பார். சட்டைக் கழுத்தில் கைக்குட்டை செருகியிருக்கும். பொத்தானை அழுத்தும்போது தோள்பட்டை இலேசாக எழும். அவளுக்கு அந்தத் தோள் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருடக்கணக்காகக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், பேச்சு அறுபடுவதற்கு முன்னால் கம்பிக்குள் வருகிற அந்த வெற்று நொடியைக் கேட்கத் தெரிந்தவள். ஆனாலும் ஒவ்வொரு வருடமும், சரியாக அவள் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில், எந்தப் பக்கமும் எட்டாத இடத்தில் இருக்கும்போது பாட்டு நின்றது. திரும்பாமலேயே அவர், "அவுட்" என்பார். "பாவம் மங்கை" என்பார்கள். "வீட்டுக்காரர் கையில டேப் இருந்தும் பிரயோஜனமில்ல பாரு." "அதுதாங்க நேர்மை." அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கப் போவாள். ஒரு வருடம் அப்படித்தான் சொம்போடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு, வெளியே வெயில். கண்ணாடிக்குள் மைதானம் முழுவதும் இருந்தது. கொடி இருந்தது. நாற்காலிகள் இருந்தன. சுற்றிச் சுற்றி ஓடுகிற பெண்கள் அத்தனை பேரும், சேலையின் நிறம் தெரிய, முகம் தெரிய, துல்லியமாக இருந்தார்கள்.

மறுபடியும் பாட்டு. நட. இடது கால், வலது கால், வலது காலை இழுத்து வை. இப்போது டேப் ரெக்கார்டர் இல்லை. பொருளாளரின் மனைவி ஹேமா கைபேசியை வைத்துக்கொண்டு, எதிரிலேயே, நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முதுகைக் காட்டுகிற பாசாங்கெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்த அன்றிரவு மங்கை அவருக்குச் சாப்பாடு போட்டபடி சொன்னாள், "கண்ணாடியில எல்லாம் தெரியுது." அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சா என்ன?" என்றார். ரசம் கேட்டார். ஊற்றினாள். பிறகு, குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில், "செக்ரட்டரி பொண்டாட்டி ஜெயிச்சா நாலு பேர் நாலு விதமாப் பேசுவான். நீ தோத்தா யாரும் ஒண்ணும் பேசமாட்டான்" என்றார். அது உண்மைதான். யாரும் ஒன்றும் பேசவில்லை. அத்தனை வருடமும் யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த வாக்கியத்தில் கோபப்பட ஒரு சொல் கூட இல்லாதது அவளை எவ்வளவோ இரவுகள் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. அடிக்காத மனிதர், குடிக்காத மனிதர், அடுத்தவர் காசைத் தொடாத மனிதர். அவரைப் பற்றி எங்கே போய் என்ன சொல்வது? கண்ணாடியில் பார்த்து என்னைத் தோற்கடித்தார் என்றா? அம்மா இருந்தபோது ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நாற்காலி விளையாட்டுக்கா இந்தக் கண்ணீர்?" என்று அம்மா சிரித்துவிட்டாள். நாற்காலி விளையாட்டுக்கு இல்லை அம்மா. வேறு எதற்கு என்று அம்மாவுக்கும் சொல்லவில்லை.

நின்றது. உட்கார்ந்தாள். ஆக்னஸ் டீச்சரும் அவளும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி. டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள், ஒரு கணம், பிறகு பட்டென்று எழுந்துகொண்டாள். "நீங்க இருங்க மங்கை. எனக்கு பி.பி. மாத்திரை வேற போடணும்." கூட்டம் கை தட்டியது. மங்கைக்குக் காரணம் புரியவில்லை. தன் பாதி நாற்காலி பெரிய பாதியாக இருந்ததோ என்னவோ. பிரேமலதா உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டாள், "டீச்சர், கிளாஸ்ல பசங்களை பெஞ்ச் மேல ஏத்தின பாவம், இப்போ உங்களுக்கே உட்கார இடமில்ல!" "உன்ன மாதிரி ரெண்டு நாற்காலிக்கு உடம்பு இருந்தா நானும் ஜெயிப்பேன்டி" என்றாள் டீச்சர், மாத்திரையைத் தேடிக்கொண்டே. சிரிப்பு. ஹேமா மறுபடி பாட்டைப் போட்டாள். எழுந்திருப்பதுதான் கஷ்டம். கைப்பிடியைப் பிடித்து, முன்னால் சாய்ந்து, முட்டிக்குள் மணலை அரைப்பது போன்ற அந்தச் சத்தத்தைப் பல்லைக் கடித்துத் தாண்டி. எழுந்துவிட்டாள். நட. கீழ் வீட்டு ஜன்னலுக்கு நேராக வரும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பியது. அங்கே இருந்த சங்கத்து ஆபீஸ் போன மாதம் பம்ப் ரூமுக்கு மேலே கட்டிய புது அறைக்குப் போய்விட்டது. கீழ் வீடு பூட்டிக் கிடக்கிறது. கண்ணாடியில் தூசி. தூசிக்குள் ஒரு கிழவி ஒரு காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். அங்கே, அந்த ஜன்னலுக்குக் கீழே, ஒரு பவழமல்லி வைப்பதாக இருந்தாள்.

அது அவளுடைய வீடு. இங்கே இப்போது இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. கட்டடம் பூச்சு காயாமல் நின்ற நாளில், இதே மைதானத்தில், அப்போது இது வெறும் முள்ளும் செங்கல் உடைசலும், ஒரு பித்தளைக் குடத்தில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். செக்ரட்டரி கையால் எடுக்க வேண்டாம், வீட்டுப் பெண்மணி எடுக்கட்டும் என்றார்கள். அவள் எடுத்தாள். குடத்தின் கழுத்தில் வளையல் உரசிய சத்தம் இப்போதும் மணிக்கட்டில் இருக்கிறது. ஏ பிளாக், கீழ்த்தளம், கொடிக்கம்பத்துக்கு எதிர் வீடு. எல்லோரும் ஆகா என்றார்கள். வயிற்றில் கயல் இருந்தாள். அந்தச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னலையும் பவழமல்லியையும், வாசலில் உட்காரவைத்துக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதையும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டாள். பார்த்து முடிப்பதற்குள் அம்பலவாணன் மைக்கைக் கையில் எடுத்தார். சங்கத்துக்கென்று ஆபீஸ் இல்லை, படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வாசக சாலை இல்லை, தனக்கு விழுந்த கீழ் வீட்டைச் சங்கத்துக்கே விட்டுக்கொடுப்பதாகவும், யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியிருக்கிற மூன்றாம் மாடியைத் தான் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்கு என்றார். எங்களுக்கு என்று கூடச் சொல்லவில்லை. கை தட்டல் ஓயவே இல்லை. பெண்கள் அவள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவளும் தட்டினாள். வயிற்றுப் பிள்ளையோடு மூன்றாம் மாடி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடி. தண்ணீர் வராத கோடையில் இரண்டு கையிலும் குடத்தோடு மூன்றாம் மாடி. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, நடுப்படியில் உட்கார்ந்து, மேலே இன்னும் எவ்வளவு என்று அண்ணாந்து பார்த்த நாட்கள். வழியில் எதிர்ப்படுகிற யாரும், "உங்க வீட்டுக்காரர் தங்கம்மா" என்று சொல்லாமல் அவளைக் கடந்து போனதில்லை. தங்கம். தங்கத்தை முட்டியில் தடவினால் வலி போகுமா?

பாட்டு நின்றபோது அவள் எங்கேயோ இருந்தாள். குடத்தடியில் இருந்தாள். ஆனாலும் காலடியில் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தாள். பாட்டு மறுபடி, நாற்காலி ஒன்று குறைய, கூட்டம் நெருங்கி வர, உஷா கிருஷ்ணன் வெளியே, புதிதாகக் குடிவந்த பஞ்சாபி அம்மாள் வெளியே. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் வாடகைக் கடையின் பெயர். அதே கடை. கார்த்திகை மழையில், அம்பலவாணன் விடிகாலை பாத்ரூம் வாசலில் சரிந்து போய்ச் சேர்ந்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார இதே நாற்காலிகளைத்தான் இறக்கினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் மேலே வந்து பார்த்துவிட்டு, "இந்தப் படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாது சார்" என்றார்கள். யோசித்தார்கள். அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்று யோசித்தார்கள். பிறகு ஒரு சிவப்பு நாற்காலி மேலே வந்தது. அவரை அதில் உட்காரவைத்து, அவருடைய எட்டு முழ வேட்டியாலேயே மார்போடும் இடுப்போடும் சேர்த்துக் கட்டி, நான்கு பேர் தூக்கினார்கள். "மெதுவா, மெதுவா, சார் தலை, சார் தலை" என்று ஜெயசீலன் அழுதுகொண்டே முன்னால் இறங்கினான். ஒவ்வொரு திருப்பத்திலும் தலை சாய்ந்து, யாரோ நிமிர்த்தி, மறுபடி சாய்ந்து. அவள் மேல்படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. இவர் இந்தப் படியில் உட்கார்ந்து இறங்குகிறார் என்று தோன்றியது. எனக்கு விழுந்த கீழ் வீட்டை விட்டுக்கொடுத்தவர், உட்கார்ந்துகொண்டே இறங்குகிறார். அந்த எண்ணத்துக்காகப் பதினாறாம் நாள் வரை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த நாற்காலியைக் கழுவிக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள். இப்போது மைதானத்தில் கிடக்கிற நாற்காலிகளில் அது எது? சற்று முன் உட்கார்ந்ததா? கைப்பிடியில் சிகரெட் சுட்ட வடு இருந்ததே, அதுவா? ராத்திரி நேரங்களில் பயம் அந்த நாற்காலியின் உருவத்தில்தான் வருகிறது. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, கட்டிலுக்கு எதிரே, காலியாக, கைப்பிடிகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. சாவுக்கு அவள் பயப்படவில்லை. அதில் கட்டி இறக்குவார்களே, திருப்பத்துக்குத் திருப்பம் தலை சாயுமே, கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்களே. கீழ் வீடு கிடைத்தால் அது வேண்டியதில்லை. கிடத்தியபடியே வாசலுக்கு எடுத்துவிடலாம். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைக் கமிட்டிக்கு எப்படிச் சொல்வது? முட்டி வலி என்றுதான் சொன்னாள்.

சந்தோஷமான நியூஸ். இப்போது நாற்காலி ஒன்று, பேர் இரண்டு. பிரேமலதாவும் அவளும். கூட்டம் வட்டமாக நின்று தட்டியது, "ஆன்ட்டி, ஆன்ட்டி!" என்று. எந்த ஆன்ட்டி என்று சொல்லவில்லை. பிரேமலதா பேங்கில் வேலை பார்த்தவள், வாய்க்காரி, அம்பலவாணன் காலத்தில் முக்கால்வாசி வருடம் ஜெயித்தவள். ஒரு நாற்காலியைச் சுற்றுவது என்றால் தன்னைத் தானே சுற்றுவது மாதிரி. தலை கிறுகிறுத்தது. ஜன்னல், கொடி, வேப்ப மரம், ஹேமா, ஜன்னல், கொடி. ஹேமாவின் கண் அவள் மேலேயே இருந்தது. கொடி, வேப்ப மரம். ஹேமா பிரேமலதாவைப் பார்க்கவே இல்லை. வேப்ப மரம், ஹேமா. ஹேமா ஜெயசீலனைப் பார்த்தாள், ஜெயசீலன் இலேசாகத் தலையசைத்தான். மங்கை அதைப் பார்த்துவிட்டாள். முதல் சுற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நடந்து போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நாற்காலி அவள் காலடியில். ஆக்னஸ் டீச்சர் பட்டென்று எழுந்தது. குடத்தடியில் மயங்கி நின்றபோது கூட. அவள் ஓடவே இல்லை. ஓட முடியாதவள் எப்படி ஜெயிப்பாள்? பிரேமலதா அவள் காதருகில், மூச்சு வாங்க, உதடு அசையாமல் சொன்னாள், "பாட்டு நின்னதும் உக்காந்துருங்க மங்கை. நான் அந்தப் பக்கம் போயிடறேன். இந்த வருஷம் சார் பேர்ல கப்பு. நீங்க வாங்கறதுதான் அழகு." பிரேமா, வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள். இவ்வளவு காலம் ஒருவர் தோற்கடித்தார், இப்போது எல்லோரும் சேர்ந்து ஜெயிக்க வைக்கிறீர்கள், நடுவில் ஒரே ஒரு தடவை என்னைச் சும்மா ஓட விட்டிருக்கக் கூடாதா, தோற்றாலும் அது என் தோல்வியாக இருந்திருக்குமே. வாய் திறந்தபோது பாட்டு நின்றது. பிரேமலதா நாற்காலியின் முதுகுப்பக்கம் போய், தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சே!" என்று நடித்தாள். மங்கை உட்கார்ந்தாள். நிற்க முடியவில்லை, அதனால் உட்கார்ந்தாள்.

விசில், கை தட்டல், யாரோ காகிதக் கொடியை அவள் தலைமேல் ஆட்டினார்கள். மைக்கில் ஜெயசீலன், "ஹலோ, ஹலோ, ஒரு நிமிஷம், எல்லாரும் கொஞ்சம் அமைதியா," என்று தொண்டையைச் சரி செய்துகொண்டான். இதோ. அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அம்பலவாணன் நினைவுக் கோப்பையைச் சாருடைய துணைவியாரே வென்றிருப்பது தெய்வச் செயல் என்றான். கை தட்டல். சார் இல்லாத முதல் சுதந்திர தினம் என்றான், குரல் உண்மையாகவே உடைந்தது, அவன் நல்ல பிள்ளை. "இன்னொரு சந்தோஷமான அறிவிப்பு. ஏ பிளாக் கீழ் வீட்டை என்ன பண்றதுன்னு நிறையப் பேர் கேட்டீங்க. நேத்து கமிட்டில ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம். அன்னைக்கு சார் தனக்கு விழுந்த வீட்டையே நமக்குக் கொடுத்தவரு. அந்த வீடு இனிமே அம்பலவாணன் நினைவு யோகா, உடற்பயிற்சிக் கூடம்! நம்ம சீனியர் சிட்டிசன்ஸ் எல்லாருக்கும் ஃப்ரீ!" மைதானம் எழுந்து தட்டியது. திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். மடியில் ஏதோ படபடவென்று அடித்துக்கொள்வது தெரிந்து குனிந்து பார்த்தாள். அவள் கைகள். அவையும் தட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஜெயசீலன் கோப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்துக் குனிந்தான். "சந்தோஷமா ஆன்ட்டி?" "நான் கேட்டது ஜெயசீலா..." "அதேதான் ஆன்ட்டி. பேசினோம். உங்களுக்கு எதுக்குக் கீழ் வீடு? டிரெய்னேஜ் நாத்தம், கொசு. மேல என்னா காத்து! அதுவுமில்லாம, சார் ஊருக்குக் கொடுத்ததை நாமளே திருப்பி எடுத்தோம்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா? சார் பேருக்கு நல்லாவா இருக்கும்? காய்கறி, மருந்து, என்ன வேணும்னாலும் மேலேருந்து ஒரு குரல் கொடுங்க, வாட்ச்மேன் கொண்டாந்து தருவாரு." அதே குரல். குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரல். அவர் சாகவில்லை. கண்ணாடியிலிருந்து இறங்கி இவனுக்குள் ஏறி நிற்கிறார். நீ தோத்தா யாரும் ஒண்ணும் பேசமாட்டான்.

எழுந்திருக்க மாட்டேன் என்று அப்போதுதான் தீர்மானித்தாள். அப்படி ஒன்றும் பெரிய தீர்மானம் இல்லை, எழுந்திருக்காமல் இருப்பதற்கு என்ன வேண்டும்? உடம்பே அதைத்தான் கேட்கிறது. இந்த நாற்காலி நான் ஜெயித்தது. நீங்கள்தானே ஜெயிக்க வைத்தீர்கள். வெயில் ஏறட்டும், பந்தலைப் பிரிக்கட்டும், வாடகைக் கடை வண்டி வந்து நிற்கட்டும், கீழ் வீட்டு ஜன்னலுக்கு எதிரே, கொடிக்குக் கீழே, இந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஆன்ட்டி எழுந்திருங்க என்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். அப்போது சொல்வேன். ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்பதைச் சொல்வேன், வேட்டியால் கட்டியதைச் சொல்வேன், கண்ணாடியைச் சொல்வேன், எல்லோர் முன்னாலும், மைக்கில். கேசரிப் பொட்டலம் வந்தது. வாங்கிக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிரேமலதா வந்து, "வாங்க மங்கை, நிழலுக்கு" என்றாள். "இருக்கட்டும்." "தலை சுத்துதா? நான் வேணா மேல கொண்டு விடட்டுமா?" "மேல போகல பிரேமா." பிரேமலதா அவளைப் பார்த்தாள். பேங்கில் கையெழுத்து சரியில்லாத காசோலையைப் பார்ப்பது போல ஒரு நொடி கூர்ந்து பார்த்தாள், ஏதோ கேட்கப் போனாள். கேட்டிருந்தால் அவளிடமே சொல்லியிருப்பாள் மங்கை. தொண்டைக்குள் முதல் சொல் வந்து நின்றது, அறுபடுவதற்கு முன்னால் கம்பிக்குள் வருகிற அந்த வெற்று நொடியைப் போல. அதற்குள் மைக், "நிறைவாக, நாட்டுப்பண். அனைவரும் எழுந்து நிற்கவும்" என்றது.

எல்லோரும் எழுந்தார்கள். கேசரியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைகளை இழுத்து நேராக நிறுத்தி, செருப்பைத் தேடாமல், எழுந்தார்கள். மங்கை எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்பீக்கரிலிருந்து பாட்டின் முதல் இழை வருவதற்கும் முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் தாவணியோடு நின்ற ஒரு பெண் அவள் முட்டிக்குள்ளிருந்து நிமிர்ந்துவிட்டாள். மூன்று மாடிக்கு மறுக்கிற கால், அம்மா சாவுக்குப் போக மறுத்த கால், இதற்கு மட்டும், கைப்பிடியைக் கூடப் பிடிக்காமல், ஒரு முனகல் இல்லாமல், எழுந்து நின்றது. துரோகி என்று அவள் தன் காலைத்தான் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் சிமென்ட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ எதையோ நகர்த்துகிறார்கள். கொடிக்கு முன்னால் எதுவும் குறுக்கே கிடக்கக் கூடாது என்று அம்பலவாணன் சொல்வார், ஜெயசீலன் அவரிடம் பாடம் படித்தவன். பிறகு பாட்டு எழுந்தது. எல்லோரும் பாடினார்கள். அவள் கண் கொடியில் இல்லை, ஜன்னலில் இருந்தது. தூசிக்கு நடுவில் வரிசையாக நிற்கிற மனிதர்கள், நடுவில் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருத்தி. கண்ணாடிக்குள் அவளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முயன்றாள். வெயில் அந்த இடத்தில் பட்டுத் தெறித்து ஒன்றும் தெரியவில்லை. முடியட்டும். முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்து, கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். வரிகள் ஏறின, தாழ்ந்தன, கடைசி வரிக்கு வந்தன. காலையிலிருந்து ஓடிய ஒவ்வொரு சுற்றும் அவள் உடம்புக்குள் ஒன்றைத்தான் கற்றுக் கொடுத்திருந்தது. பாட்டு நின்றது. அவள் முட்டியை மடக்கி, வலது கையைப் பின்னால் நீட்டினாள்.

கைப்பிடி இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். விரல்கள் சூடான காற்றைத் துழாவின. பிரேமலதா "ஐயோ, மங்கை!" என்று பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். கோப்பைக்குள்ளிருந்து கேசரிப் பொட்டலம் குதித்து விழுந்து, இதழ்களுக்கு நடுவில் பிரிந்தது. நாற்காலி வேப்ப மரத்தடியில், மற்ற நாற்காலிகளின் மேல், ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. பாதி உட்கார்ந்த நிலையிலேயே, பிரேமலதாவின் கையில் தொங்கிக்கொண்டு, மங்கையர்க்கரசி அதைப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க?" என்று பிரேமலதா குனிந்து கேட்டாள், ஜெய்ஹிந்த் சத்தத்துக்கு நடுவில் மங்கையின் உதடு அசைந்ததைப் பார்த்தும் சொல் கேட்காமல். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, நிமிர்ந்து, செருப்பைத் தேடி, படிக்கட்டை நோக்கி வலது காலை இழுத்து வைத்தாள் மங்கை. அவள் சொன்னது அவருடைய குரலில், முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி அவர் சொல்கிற அதே சின்னச் சொல். அவுட்.